ஒரு விள்ளல் குறைந்த நிலா: நற்கருணைப் பெருவிழா பிறந்த கதை

மூவொரு கடவுள் ஞாயிறு முடிந்த கையோடு கத்தோலிக்கக் கோயில்களில் நற்கருணைப் பெருவிழா வந்துவிடும். அன்று பவனி புறப்படும். நான்கு பேர் விதானம் பிடித்து வர, பட்டு மேலாடையால் கைகளை மூடிக்கொண்டு குருவானவர் கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி நடப்பார். பொற்கதிர்களின் நடுவே கண்ணாடிக்குள் ஒரு சின்ன வெள்ளை அப்பம். முன்னால் சிறுமிகள் பூத்தூவிப் போவார்கள். மணிச் சத்தம் கேட்டதும் வழியில் நிற்பவர்கள் முழங்காலிடுவார்கள். ஜெர்மனியின் கொலோனிலும், ஸ்பெயினின் தொலேதோவிலும், பெருவின் குஸ்கோவிலும், நம் ஊர்ப் பங்குகளிலும் இந்த விழா உண்டு.

உயிர்ப்புப் பெருவிழா கிறிஸ்தவத்தோடு கூடப் பிறந்தது. நற்கருணைப் பெருவிழா அப்படியல்ல. திருச்சபையின் முதல் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் இப்படியொரு நாளே கிடையாது. அது வேண்டும் என்று கேட்டவர் தொழுநோயாளர் இல்லத்தில் வளர்ந்த ஓர் அனாதைப் பெண். லியேஜ் நகரத்து ஜூலியானா என்பது அவர் பெயர்.

இந்த விழா எப்படி வந்தது என்று கேட்டால் பலரும் சொல்லும் கதை வேறு. 1263 இல் பிராகா நகரத்துப் பேதுரு என்ற குரு உரோமைக்குத் திருப்பயணம் போகிறார். அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுவதில் அவருக்கு ஐயம். வழியில் இத்தாலியின் போல்செனா ஊரில், புனித கிறிஸ்தினா கோயிலில் திருப்பலி நிறைவேற்றும்போது கையிலிருந்த அப்பத்திலிருந்து இரத்தம் சொட்டி, பீடத்துத் துணியை நனைக்கிறது. பக்கத்து ஊரான ஒர்வியேத்தோவில் தங்கியிருந்த திருத்தந்தை நான்காம் உர்பான் அதைப் பார்த்து விழாவை ஏற்படுத்துகிறார். ரஃபேல் இதை வத்திக்கான் அரண்மனைச் சுவரில் ஓவியமாகத் தீட்டினார். அந்தத் துணி இன்றும் ஒர்வியேத்தோ பேராலயத்தில் இருக்கிறது.

அந்தத் துணியின் முன் மண்டியிடும் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கு ஒத்துவரவில்லை. போல்செனா நிகழ்வு நடந்ததாகச் சொல்லப்படும் 1263 இல் லியேஜ் மறைமாவட்டம் இந்த விழாவை ஏற்று 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1264 இல் திருத்தந்தை வெளியிட்ட ஆணையில் இரத்தம் சொட்டிய அப்பத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தத் துணியை வைக்க சியேனா பொற்கொல்லர் உகோலினோ தி வியேரி ஒரு பேழை செய்தார். போல்செனா கதையைப் படம்படமாக விரித்துக் காட்டும் அந்தப் பேழை முடிந்தது 1338 இல். ஒரே நாளில் நடந்து முடியும் அற்புதத்தைச் சொல்வதும் எளிது, நினைவில் வைப்பதும் எளிது. ஜூலியானாவின் கதைக்கோ ஐம்பது ஆண்டுகளும் மூன்று பெண்களும் தேவைப்பட்டார்கள்.

இன்றைய பெல்ஜியத்தில், மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது லியேஜ். அன்று அதை ஆண்டவர் ஆயரே. கோயில்களும் மடங்களும் நிறைந்த ஊர். அங்கே 12 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் புதுவிதமாக வாழத் தொடங்கியிருந்தார்கள். திருமணமும் வேண்டாம், மதிலுக்குள் அடைபட்ட மடமும் வேண்டாம் என்று தனியாகவோ சிறு கூட்டமாகவோ தங்கி, நூல் நூற்றும், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டும், செபித்தும் வாழ்ந்த இவர்களைப் பெகின்கள் என்று அழைத்தார்கள். வேறு சில பெண்கள் கோயில் சுவரை ஒட்டிய சிற்றறைக்குள் சாகும்வரை தங்களை அடைத்துக்கொண்டார்கள். கோயிலுக்குள் பார்க்க ஒரு சன்னல் இருக்கும். அதுவே அவர்களுடைய உலகம்.

நற்கருணைதான் இந்தப் பெண்களின் உயிர்மூச்சு. அந்தக் காலத்தில் பொதுமக்கள் நற்கருணை வாங்குவது அரிது. ஆண்டுக்கு ஒருமுறையாவது வாங்கியே தீரவேண்டும் என்று 1215 இல் நான்காம் இலாத்தரன் சங்கம் சட்டமே போடவேண்டியிருந்தது. வாங்க முடியாதவர்கள் பார்த்தார்கள். அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாக மாற்றும் வசீகரச் சொற்களைச் சொன்னதும் குருவானவர் அப்பத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டும் எழுந்தேற்றம் 1200 வாக்கில் பாரிஸ் வட்டாரத்தில் தொடங்கிப் பரவியது. அந்த ஒரு கணத்துக்காகக் கோயிலுக்கு ஓடிவருபவர்கள் இருந்தார்கள். பார்ப்பதே அருள் என்ற உணர்வு ஊறியிருந்த அந்த மண்ணில்தான் ஜூலியானா பிறந்தார்.

1192 அல்லது 1193 இல், லியேஜுக்குப் பக்கத்து ரெத்தின் கிராமத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். அவரையும் உடன்பிறந்த ஆக்னஸையும் மோன்ட் கோர்னியோன் என்ற குன்றின் மேலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த அந்த இல்லத்தில் நோயுற்ற ஆண்கள், நோயுற்ற பெண்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் சகோதரர்கள், சகோதரிகள் என்று எல்லாரும் தனித்தனிப் பிரிவுகளாக வாழ்ந்தார்கள். நகரத்துப் பணக்காரர்கள் எழுதிவைத்த சொத்துகள் அதற்கு இருந்தன. நிர்வாகத்தில் ஆயருக்கும் பங்கு, நகரத்தாருக்கும் பங்கு. இந்தச் சொத்து விவகாரம் பின்னால் ஜூலியானாவைப் படாதபாடு படுத்தப் போகிறது.

பிள்ளைகளை வளர்த்தவர் சபியென்சியா என்ற சகோதரி. இல்லத்துக்குச் சொந்தமான பண்ணையில் அவர்கள் வளர்ந்தார்கள், ஜூலியானா அங்கே மாட்டுத் தொழுவத்திலும் வேலை பார்த்தார். கூடவே இலத்தீன் படித்தார். அகுஸ்தினாரையும் பெர்நார்துவையும் இலத்தீனிலேயே வாசிக்கும் அளவுக்குத் தேறினார். பால் கறந்த கையோடு பெர்நார்துவின் உரைகளைப் புரட்டும் பெண்பிள்ளை, 13 ஆம் நூற்றாண்டில்! காட்சி கண்டவர் என்றதும் படிப்பறிவற்ற ஏழைப்பெண் என்று நாமே ஓர் உருவத்தைக் கற்பித்துக்கொள்கிறோம். ஜூலியானா அப்படி இல்லை. பின்னால் அறிஞர்களிடம் இந்த விழாவுக்காக வாதாட முடிந்ததற்குக் காரணம் இந்தப் படிப்புதான்.

பதினாறு வயதை ஒட்டி அந்தக் காட்சி வந்தது. செபிக்க உட்கார்ந்தால் கண்முன் ஒரு முழுநிலா. பளீரென்ற ஒளி. ஆனால் அந்த வட்டத்தில் ஓரிடத்தில் ஒரு விள்ளல் குறைகிறது. அவ்வளவுதான். பேச்சில்லை, வானதூதர் இல்லை.

முந்தைய நூற்றாண்டில், ரைன் நதிக்கரையில் ஹில்டெகார்டு என்ற துறவி கண்ட காட்சிகளை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். அவருடைய ஸ்கிவியாஸ் நூலில் 26 காட்சிகள். தீயும் கோபுரங்களும் இறக்கைகளும் கண்களும் நிறைந்து வழியும். பக்கம் பக்கமாக விளக்கம் வேறு. ஜூலியானாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம், அதுவும் இல்லாத ஒன்றைக் காட்டும் படம். என்னை இந்தக் கதையில் முதலில் பிடித்து நிறுத்தியது இதுதான். அவர் கண்டது ஒரு குறையை. அந்தக் குறை எது என்று தெரியாமல் அவர் வருடக்கணக்கில் தவித்தார்.

முதலில் இது சோதனை என்று நினைத்து விரட்டப் பார்த்தார். போகவில்லை. சபியென்சியாவிடம் கேட்டார். ஆராயாதே, உனக்கு மிஞ்சியது என்று அவர் சொல்லிவிட்டார். மற்ற பக்திமான்களிடமும் செபிக்கச் சொல்லிக் கேட்டார். எப்போது செபித்தாலும் அதே நிலா, அதே விள்ளல். கடைசியில் கிறிஸ்துவே பொருளை உணர்த்தினார் என்கிறது அவருடைய வாழ்க்கை வரலாறு. நிலா என்பது திருச்சபை. குறையாகத் தெரிவது அது இன்னும் கொண்டாடாத ஒரு விழா. தம் உடலின் அருட்சாதனத்துக்கென்று ஒரு தனி நாள் வேண்டும். அதை ஜூலியானாதான் தொடங்கிவைக்க வேண்டும்.

அவர் மறுத்தார். படித்த குருக்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் சொல்லும் என்று கெஞ்சினார். எளியவர்கள் மூலமாகத்தான் இது நடக்கவேண்டும் என்பதே பதில். இந்த மறுப்பும் கட்டளையும் மாறிமாறி நடந்தபடி, யாரிடமும் வாய்திறக்காமல் சுமார் இருபது ஆண்டுகள் போயின. அந்த அமைதியைப் பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. திருச்சபையின் நாட்காட்டியில் கைவைக்கும் துணிச்சல் ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும் என்பது அவருக்குத் தெரியாதா? தம் காட்சிகளைப் பேசியதற்காக விசாரணைக்கு ஆளான பெண்கள் அந்த நூற்றாண்டில் உண்டு.

இதற்கிடையே அவர் இல்லத்துப் பெண்களின் தலைவியானார். இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். ஒருத்தி ஈவா. லியேஜின் புனித மார்ட்டின் கோயிலை ஒட்டிய சிற்றறைக்குள் தன்னை அடைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று தயங்கியவளுக்குத் தைரியம் சொன்னவர் ஜூலியானாதான். ஆண்டுக்கு ஒருமுறை நான் வந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்து அவளை உள்ளே அனுப்பினார். அந்த வருகைகளில் ஒன்றில்தான் தன் இரகசியத்தை ஈவாவிடம் சொன்னார்.

மற்றவள் ஊயி ஊரின் இசபெல்லா. இவளிடமும் இதே எண்ணத்தைக் கடவுள் போட்டிருப்பார் என்று ஜூலியானா நம்பி, கோர்னியோன் இல்லத்துக்கே அழைத்துக்கொண்டார். பக்குவமாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். நற்கருணைக்கு ஒரு விழா என்ற பேச்சே இசபெல்லாவிடமிருந்து எழவில்லை. ஏமாற்றந்தான். ஆனால் ஜூலியானா வற்புறுத்தவில்லை, காத்திருந்தார். ஓராண்டு கழித்து புனித மார்ட்டின் கோயிலில் இசபெல்லா செபத்தில் ஆழ்ந்தபோது, புனிதர்கள் எல்லாரும் இந்த விழாவுக்காக இறைவனிடம் மன்றாடுவதைக் கண்டாள். உலகமே எதிர்த்தாலும் நான் இதற்காக நிற்பேன் என்று எழுந்து வந்தாள். இரண்டாவது சாட்சி கிடைக்காமல் ஓர் அடியும் எடுத்துவைக்காத அந்த நிதானம் எனக்கு நிலாவின் காட்சியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. புனித மார்ட்டின் கோயில் குருக்களில் லோசான் ஜான் என்பவர் மூவருக்கும் வேண்டியவர். லியேஜுக்கு வரும் இறையியல் அறிஞர்கள் அவரைப் பார்க்க வருவார்கள். ஜூலியானா அவரிடம், யார் கேட்கச் சொன்னார்கள் என்று பெயர் சொல்லாமல், இப்படியொரு விழா தகுமா என்று மட்டும் அறிஞர்களிடம் கேட்கும்படி சொன்னார். காட்சியைப் பார்த்து மயங்காமல், கருத்தை மட்டும் உரசிப் பார்க்கட்டும் என்ற ஏற்பாடு இது. ஜான் கேட்ட ஆட்களைப் பாருங்கள். டொமினிக்கன் சபையின் ஷேர் ஹியூ, விவிலியத்துக்குச் சொல்லடைவு தயாரிக்கும் பணியைப் பாரிசில் நடத்திய அறிஞர். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்து காம்ப்ரே ஆயரான லாவோன் கியார். லியேஜ் மறைமாவட்டத்தில் தலைமைத் திருத்தொண்டராக இருந்த ழாக் பாந்தலேயோன், திருவா ஊர்ச் செருப்புத் தைப்பவரின் மகன். தடையாக ஒன்றும் இல்லை, நல்லதுதான் என்று இவர்கள் சொன்னார்கள். எதிர்த்தவர்களும் உண்டு. தினமும் திருப்பலி நடக்கிறது, அதுவே நினைவுதானே, தனியாக ஒரு நாள் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கனவு காண்கிறாள் என்ற ஏளனமும் சேர்ந்தே வந்தது.

பெரிய வியாழன் இருக்கிறதே என்று இன்றும் கேட்பார்கள். நற்கருணை ஏற்படுத்தப்பட்ட நாள் அதுதான். ஆனால் அன்று பாதம் கழுவுகிறோம், எண்ணெய் மந்திரிக்கிறோம், மறுநாள் சிலுவைச் சாவு. துக்கத்தின் வாசலில் நின்றுகொண்டு கொண்டாட முடியாது. உர்பானின் ஆணையும் பிற்பாடு இதையே காரணமாகக் காட்டியது. அதனால்தான் உயிர்ப்புக் காலமெல்லாம் முடிந்து, மூவொரு கடவுள் பெருவிழாவும் தாண்டி, கோடையின் தொடக்கத்தில் இன்னொரு வியாழன் தேடிக்கொள்ளப்பட்டது.

விழா என்றால் அதற்கு வழிபாடு வேண்டும். இரவிலும் விடியலிலும் மாலையிலும் பாடவேண்டிய முன்மொழிகள், பாசுரங்கள், வாசகங்கள் எல்லாம் புதிதாக எழுதவேண்டும். ஜூலியானா எந்தப் பெரிய பண்டிதரையும் தேடிப் போகவில்லை. தன் இல்லத்திலேயே இருந்த ஜான் என்ற இளம் சகோதரனைக் கூப்பிட்டார். எனக்கு அவ்வளவு படிப்பு இல்லையே என்று அவன் பின்வாங்கினான். நான் செபிக்கிறேன், நீ எழுது என்றார் ஜூலியானா. திருச்சபைத் தந்தையரின் நூல்களிலிருந்து அவன் தேடித்தேடி எடுப்பான், கோப்பான், இசையமைப்பான். ஒரு பகுதி முடிந்ததும் கொண்டுவந்து ஜூலியானாவிடம் காட்டுவான். இதைத் திருத்து, இதைச் சரிசெய் என்று அவர் சொல்வார். முடிவில் அதைப் பெரிய அறிஞர்களிடம் கொடுத்தபோது அவர்களால் திருத்த ஒன்றும் இருக்கவில்லை என்கிறது வரலாறு. ஆன்மாக்களின் உணவு என்று பொருள்படும் இலத்தீன் சொற்களோடு தொடங்குவதால் இந்த வழிபாட்டுக்கு அதுவே பெயராயிற்று.

1246 இல் லியேஜ் ஆயர் ராபர்ட் தெ தொரோத், தம் மறைமாவட்டம் முழுவதும் இந்த விழாவைக் கொண்டாட ஆணையிட்டார். கொண்டாடும் வரை அவர் உயிரோடு இருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 16 இல், ஃபோஸ் என்ற ஊரில் நோயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாகும்முன் அந்தப் புதிய வழிபாட்டைத் தம் முன்னால் நடத்தச் சொல்லிக் கேட்டார்.

ஆயர் போனதும் ஜூலியானாவின் காலடி மண் சரிந்தது. ராபர்ட் உயிரோடு இருந்தபோதே இல்லத்து ஆண்களின் தலைவராக ரோஜர் என்பவர் வந்திருந்தார். காசு கொடுத்துப் பதவி வாங்கியவர் என்று ஜூலியானாவின் வரலாறு குற்றம் சாட்டுகிறது. சொத்துப் பத்திரங்களைக் கொடு என்று அவர் கேட்டார், ஜூலியானா மறுத்தார். நகரத்துக் கூட்டமொன்றை ரோஜர் கிளப்பிவிட்டார். அவர்கள் குன்றேறி வந்து ஜூலியானாவின் செபக்கூடத்தை உடைத்து நுழைந்து தேடினார்கள். பத்திரங்கள் சிக்கவில்லை. நோயாளிகளின் பணத்தைக் கையாடினாள் என்ற பழி மட்டும் மிஞ்சியது. ஜூலியானா ஈவாவிடம் ஓடினார். அப்போது ஆயராக இருந்த ராபர்ட் விசாரித்து ரோஜரை வெளியேற்றினார், ஜூலியானாவைத் திரும்பவும் அமர்த்தினார். ராபர்ட் இறந்தபின் அந்தப் பாதுகாப்பு போயிற்று. 1247 இல் கெல்டர்ஸ் ஹென்றி புதிய ஆயராக வந்ததும் ரோஜர் மறுபடி உள்ளே வந்தார். 1248 இல் ஒருசில சகோதரிகளோடு கோர்னியோனைவிட்டு வெளியேறிய ஜூலியானா அந்தக் குன்றுக்குத் திரும்பவே இல்லை.

ரோபெர்மோன், வால் பெனுவா, வால் நோத்ர் தாம் என்று சிஸ்தர்சியன் மடங்கள் ஒவ்வொன்றாக அவர்கள் ஒதுங்கினார்கள். பிறகு நாமூர். சிலகாலம் பிச்சை வாங்கிப் பிழைக்கும் நிலை. பின்னர் நாமூரின் சால்சின் மடத்தில் இடம் கிடைத்தது. கூட வந்த தோழியர் ஒவ்வொருவராக இறந்தார்கள். நகரத்துக் கலகத்தில் அந்த மடமும் தாக்கப்பட, ஃபோஸ் ஊருக்குப் போய்ச் சிற்றறைத் துறவியானார். அதே ஊரில்தான் ஆயர் ராபர்ட்டும் இறந்திருந்தார். 1258 ஏப்ரல் 5 வெள்ளிக்கிழமை ஜூலியானா அங்கே காலமானார். விருப்பப்படி வில்லேர் மடத்தில் அடக்கம் செய்தார்கள். தான் பிறப்பித்த விழா ஒரு மறைமாவட்டத்திலும், ஜெர்மானியப் பகுதிகள் சிலவற்றிலும் மட்டுமே நடப்பதைப் பார்த்துவிட்டு அவர் கண்மூடினார். ஜெர்மானியப் பகுதிகளுக்கு அதைக் கொண்டுபோனவர் ஷேர் ஹியூ. கர்தினாலாகித் திருத்தந்தையின் தூதராக 1251 இல் லியேஜ் வந்தவர், புனித மார்ட்டின் கோயிலில் தாமே விழாவை நடத்தி, அடுத்த ஆண்டு தம் ஆளுகைப் பகுதி முழுவதற்கும் ஆணை அனுப்பியிருந்தார்.

ஈவா மட்டும் உயிரோடு இருந்தாள். சுவருக்குள் அடைபட்டவள்தான், ஆனாலும் சும்மா இருக்கவில்லை. ஜூலியானாவைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் திரட்டிவைத்தாள். இன்று நம்மிடம் இருக்கும் இலத்தீன் வரலாறு அவள் தந்த செய்திகளை நம்பி எழுந்ததுதான். இதற்குள் அந்தச் செருப்புத் தைப்பவரின் மகன் பாந்தலேயோன், எருசலேமின் முதுபெரும் தந்தையாகி, 1261 இல் நான்காம் உர்பான் என்ற பெயரில் திருத்தந்தையாகிவிட்டார். லியேஜில் ஒருகாலத்தில் விழாவுக்குத் தலையாட்டியவர் அவர்தானே! ஈவா ஆயர் ஹென்றியை நகர்த்தினாள். ஜூலியானாவை விரட்டியவர்களோடு நின்ற அதே ஹென்றிதான். திருத்தந்தைக்கு எழுதுங்கள் என்று குருக்கள் வழியாக நெருக்கி, வேண்டுகோள் போகும்படி செய்தாள்.

1264 ஆகஸ்ட் 11 இல் உர்பானின் ஆணை வெளியாயிற்று. உலகத் திருச்சபை முழுவதும் கொண்டாடும்படி ஒரு திருத்தந்தை தாமாக ஒரு விழாவை விதித்தது ஏறத்தாழ அதுவே முதல்முறை. அந்த நீளமான ஆணையில் ஜூலியானாவின் பெயர் இல்லை. சிறிய பதவியில் இருந்தபோது, இப்படியொரு விழா வரவேண்டும் என்று சில கத்தோலிக்கருக்கு வெளிப்படுத்தப்பட்டதாக அறிந்தோம் என்ற பொருளில் ஒரு வரி மட்டும் வருகிறது. சில கத்தோலிக்கர்! ஐம்பது ஆண்டு உழைப்புக்கு அவ்வளவுதான் இடம். எனக்கு ஆறவில்லை. ஆனால் செப்டம்பர் 8 ஆம் தேதி உர்பான் வேறொரு கடிதம் எழுதினார். லியேஜின் புனித மார்ட்டின் கோயில் சிற்றறைத் துறவி ஈவாவுக்கு. உன் ஆன்மா எவ்வளவு ஏங்கியது என்று தெரியும், கர்தினால்கள் ஆயர்களோடு நாமே அந்த விழாவைக் கொண்டாடினோம், மகிழ்ந்திரு என்று எழுதி, புதிய வழிபாட்டு ஏட்டையும் கூடவே அனுப்பினார். கேட்பவர்களுக்கெல்லாம் படியெடுத்துக் கொடுக்கச் சொன்னார். திருச்சபையின் தலைவரிடமிருந்து சிற்றறைப் பெண் ஒருத்திக்கு!

ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 2 இல் உர்பான் இறந்துபோனார். அடுத்து வந்தவர்கள் ஆணையை எடுத்துப் பேசவில்லை. அங்கங்கே விழா நடந்தது, பொதுவாக இல்லை. வியன் நகரச் சங்கத்தையொட்டி ஐந்தாம் கிளமெந்து அதை மீண்டும் உறுதிசெய்து, 1317 இல் இருபத்திரண்டாம் யோவான் சட்டத் தொகுப்போடு வெளியிட்ட பிறகுதான் ஐரோப்பா முழுவதும் பற்றிக்கொண்டது. பவனி யாரும் விதிக்காமல் மக்களிடமிருந்து வந்தது. உர்பானின் ஆணையில் அது கிடையாது. 1270களில் கொலோனில் அப்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்கத் தோதாகக் கண்ணாடி வைத்த கதிர்ப்பாத்திரம் பிறந்தது. இங்கிலாந்தின் யார்க் நகரில் விழா நாளன்று விடியல் முதல் நள்ளிரவு வரை வண்டிமேடைகளில் விவிலிய நாடகங்கள் உருண்டு வந்தன. நோவாவின் பேழையைக் கட்டும் காட்சி கப்பல் கட்டுவோருக்கு, இறுதி இராவுணவு ரொட்டி சுடுவோருக்கு, சிலுவையில் அறைவது ஊசியும் ஆணியும் செய்வோருக்கு என்று தொழில்வாரியாகப் பங்கு பிரித்திருந்தார்கள்.

உர்பான் அனுப்பிய வழிபாட்டை எழுதியவர் அப்போது ஒர்வியேத்தோவில் இருந்த தோமா அக்குவினா என்பது நெடிய மரபு. நற்கருணை ஆசீரின்போது தமிழ்க் கோயில்களில் நாம் பாடும் பாட்டு, அவர் எழுதிய பாசுரத்தின் கடைசி இரு பத்திகளின் தமிழ் வடிவமே. அது அழகு என்பதில் ஐயமில்லை. ஆனால் தோமாவின் வழிபாடு போன இடங்களிலெல்லாம் ஜூலியானாவும் இளம் ஜானும் கோர்னியோனில் உட்கார்ந்து கோத்த வழிபாடு வழக்கொழிந்தது. ஈவாவின் கைக்கு வந்த ஏடு, விழாவுக்கு வெற்றி. தோழியின் பாட்டுக்கோ அதுவே முடிவாயிற்று.

முற்றிலும் அழிந்துவிடவில்லை. பழைய கையெழுத்துப் படி ஒன்று ஹேக் நகரில் நெதர்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1869 இல் ஒன்பதாம் பத்திநாதர் ஜூலியானாவைப் புனிதராக வணங்கும் மரபை உறுதிசெய்தார். ஈவாவுக்கு 1902 இல் அந்த ஏற்பு கிடைத்தது. 2010 நவம்பரில் பதினாறாம் பெனடிக்ட் தம் புதன் உரையொன்றை முழுவதும் ஜூலியானாவுக்கு ஒதுக்கி, உர்பான் பெயர் சொல்லாமல் விட்டதைப் பெயர் சொல்லிப் பேசினார். அதற்கு முன்பே, 2006 இல், பார்பரா வால்ட்டர்ஸ் முதலான மூன்று அறிஞர்கள் ஹேக் படியிலிருந்த வழிபாட்டைச் சொல்லும் இசையுமாக அச்சில் கொண்டுவந்திருந்தார்கள். விருப்பமுள்ள எந்தப் பாடகர் குழுவும் அதைப் பாடலாம்.